டீஃபால்ட் பிரௌசரை மாத்தணுமா: மாத்துறதுக்கு முன்னாடி, மாத்தும்போது, மாத்தின பின்னாடி

கம்ப்யூட்டர்ல போட்டிருக்கிற வாட்ஸ்அப் ஆப்ல கஸ்டமர் ஒரு லிங்க் அனுப்புறாரு, நீங்க அதை கிளிக் பண்றீங்க, தினமும் வேலை பாக்குற க்ரோம் பிரௌசர் திறக்காம, விண்டோஸோடயே வர எட்ஜ் பிரௌசர் வந்து நிக்குது, அதுல உங்க பாஸ்வேர்டு ஒண்ணும் இல்ல, லாகின் பண்ணு, ஓடிபி போடுன்னு முதல்ல இருந்து கேக்குது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைல கணக்கு எழுதுறவங்க, தம்பு செட்டி தெரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ்ல உக்காந்திருக்கவங்க, திருவொற்றியூர்ல ஒரே லேப்டாப்பை வீடே சேர்ந்து யூஸ் பண்றவங்கன்னு எல்லார்கிட்டயும் இந்த தொல்லை இருக்கு. நிறைய பேரு "அது அப்படித்தான்பா வரும்"னு விட்டுட்டு, எட்ஜ்ல திறந்த அட்ரஸை காப்பி பண்ணி க்ரோம்ல கொண்டுபோய் பேஸ்ட் பண்ணிக்கிட்டே வருஷக்கணக்கா ஓட்டுறாங்க. அப்படி கஷ்டப்படவே வேண்டாம். மாத்துறது ரெண்டு நிமிஷ வேலை, மாத்துறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் பண்ண வேண்டியதுதான் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதை யாரும் சொல்லித் தர்றதில்ல, அதனாலதான் பாதிலயே மாட்டிக்கிறாங்க.

முதல்ல டீஃபால்ட் பிரௌசர்னா என்னன்னு தெளிவா புரிஞ்சுக்கலாம். பிரௌசர்னா இன்டர்நெட் சைட்டை திறந்து பாக்குற ஆப். உங்க கம்ப்யூட்டர்ல எட்ஜ், க்ரோம், ஃபயர்ஃபாக்ஸ்னு மூணு பிரௌசர் இருந்தாலும் பிரச்சனை இல்ல, மூணும் ஒரே நேரத்துல இருக்கலாம். பிரௌசருக்கு வெளிய எங்கயாவது ஒரு லிங்க்கை தொட்டா, அதாவது வேர்டு ஃபைல்ல, எக்செல்ல, வாட்ஸ்அப் ஆப்ல, பிடிஎஃப்ல இருக்கிற லிங்க்கை தொட்டா, விண்டோஸ் அதை யார்கிட்ட குடுக்கணும்னு ஒரு பேரை எழுதி வெச்சிருக்கும். அந்த பேருதான் டீஃபால்ட். பிரௌசருக்கு உள்ளயே ஒரு பக்கத்துல இருக்கிற லிங்க்கை தொட்டா அது அதே பிரௌசர்லதான் திறக்கும், அதுக்கும் டீஃபால்ட்டுக்கும் சம்பந்தம் இல்ல. நீங்க எட்ஜ்ல வாட்ஸ்அப் வெப் போட்டு வெச்சிருந்தா அதுல வர லிங்க் எல்லாம் எட்ஜ்லதான் திறக்கும், டீஃபால்ட்டை எத்தனை தடவை மாத்தினாலும் அது மாறாது, வாட்ஸ்அப் வெப்பையே க்ரோம்ல போய் திறந்துக்கணும். "செட்டிங்ஸ் மாத்திட்டேன், ஒண்ணும் வேலைக்காகல"ன்னு சொல்றவங்கள்ல நிறைய பேருக்கு விஷயம் இதுதான்.

இன்னொரு குழப்பம் சர்ச் இன்ஜின். க்ரோம், எட்ஜ் எல்லாம் பிரௌசர். கூகுள், பிங், டக்டக்கோ எல்லாம் தேடித் தர்ற சைட்டு. எட்ஜ்லயே கூகுள்ல தேடலாம், க்ரோம்லயே பிங்ல தேடலாம். உங்களுக்கு எட்ஜ் ஓகே, தேடுனா பிங் வர்றதுதான் பிடிக்கலன்னா பிரௌசரையே மாத்தத் தேவையில்ல, எட்ஜ் செட்டிங்ஸ்க்குள்ள போய் சர்ச் இன்ஜினை மட்டும் கூகுள்னு மாத்தினா போதும். எதை மாத்தணும்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் கை வைங்க.

எந்த பிரௌசர் வெச்சுக்கலாம்னு கேட்டா, எட்ஜ், க்ரோம், பிரேவ், ஓபரா, விவால்டி எல்லாமே உள்ள குரோமியம்னு ஒரே அடித்தளத்துல ஓடுறதுதான், அதனால ஒண்ணுல ஒழுங்கா வர சைட்டு இன்னொண்ணுலயும் பெரும்பாலும் அப்படியே வரும். ஃபயர்ஃபாக்ஸ் தனி இன்ஜின், 2004ல முதல் வெர்ஷன் வந்ததுல இருந்து தனியாவே நடக்குது. ஃபோன்ல க்ரோம் வெச்சிருக்கீங்க, ஒரே ஜிமெயில்ல ரெண்டு பக்கமும் புக்மார்க், அதாவது நீங்க சேமிச்சு வெச்ச சைட்டு லிஸ்ட் வேணும்னா க்ரோம் சௌகரியம். விளம்பரம் குறையணும், ஃபோன் ஹாட்ஸ்பாட்லதான் நெட் ஓடுது, டேட்டா மிச்சமாகணும்னா என்னோட சிபாரிசு ஃபயர்ஃபாக்ஸ், ஏன்னா யூபிளாக் ஆரிஜின்ங்கிற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன் (பிரௌசரோட கூடுதலா சேர்த்துக்கிற குட்டி சாஃப்ட்வேர்) அதுல முழுசா வேலை செய்யுது, க்ரோம்ல எக்ஸ்டென்ஷன் விதியை மாத்தினதுக்கு அப்புறம் அதோட லைட்டுன்னு ஒரு சுருக்கமான வடிவம்தான் போட முடியுது. ரேம் கம்மியா இருக்கிற சிஸ்டம்னா எட்ஜே நல்லாதான் ஓடும், யாரோ சொன்னாங்கன்னு மாத்த வேண்டியதில்ல.

இப்போ வேலைக்கு வருவோம். உங்க கம்ப்யூட்டர்ல எந்த விண்டோஸ்னு முதல்ல பாருங்க. கீபோர்டுல விண்டோஸ் பட்டனை அமுக்கிக்கிட்டே ஆர் பட்டனை தட்டுங்க, கீழ இடது மூலைல ரன்னு சின்னதா ஒரு பெட்டி வரும், அதுல வின்வெர்னு இங்கிலீஷ்ல டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர்னு சேர்த்து டைப் பண்ணி என்டர் குடுங்க. 10ஆ 11ஆன்னு பெருசா காட்டும். அந்த ரன் பெட்டியை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி டெஸ்ட் பண்ணவும் அதுதான் தேவைப்படும்.

புது பிரௌசரை டவுன்லோட் பண்றதுல கவனமா இருங்க, புதுசா கத்துக்கிறவங்க நிறைய ஏமாறுறது இங்கதான். "க்ரோம் டவுன்லோட்"னு தேடினா மேல வர்றது எல்லாமே கூகுளோட சைட்டுன்னு நினைச்சுக்காதீங்க, ஸ்பான்ஸர்டுன்னு போட்டு விளம்பரமா வேற சைட்டும் வரும், அதுல இருந்து எடுத்தா க்ரோமோட சேர்த்து வேண்டாத நாலு சாமானும் உள்ள வந்து உக்காந்துக்கும். அதனால தேடாம அட்ரஸை நேரா மேல இருக்கிற பார்ல டைப் பண்ணுங்க: க்ரோம்னா கூகுள் டாட் காம், ஒரு சாய்வு கோடு, க்ரோம். ஃபயர்ஃபாக்ஸ்னா ஃபயர்ஃபாக்ஸ் டாட் காம். எட்ஜ்ல இருந்து க்ரோம் எடுக்கப் போறப்போ "எட்ஜே நல்லாதானே இருக்கு"ன்ற மாதிரி ஒரு பேனர் வரலாம், அது எர்ரர் கெடையாது, வைரஸ் வார்னிங்கும் கெடையாது, கண்டுக்காம டவுன்லோட் பண்ணிக்கலாம். இன்ஸ்டால் பண்ணும்போது "ஸ்டோர்ல இருக்கிற ஆப்தான் போட முடியும், இது எஸ் மோடு"ன்னு நிறுத்திட்டா உங்க லேப்டாப் எஸ் மோடுல இருக்குன்னு அர்த்தம். புது லேப்டாப் சிலது அப்படித்தான் வருது. செட்டிங்ஸ்ல சிஸ்டம் (விண்டோஸ் 10னா அப்டேட் அண்ட் செக்யூரிட்டி), அதுல ஆக்டிவேஷன் போனா அதுல இருந்து வெளிய வர வழி இருக்கும், காசு கெடையாது, ஆனா ஒருவாட்டி வெளிய வந்தா திரும்ப அந்த மோடுக்கு போக முடியாது. எஸ் மோடுலயே இருந்தா எட்ஜ்தான் டீஃபால்ட், மாத்த விடாது.

இன்ஸ்டால் ஆனவுடனே டீஃபால்ட் மாத்தப் போகாதீங்க, முதல்ல பழைய பிரௌசர்ல இருக்கிற புக்மார்க்கையும் பாஸ்வேர்டையும் புதுசுக்கு கொண்டு வாங்க. எம்.சி. ரோட்டுல ஒரு கடைல, கணக்கு பாக்குற அக்கா பல வருஷமா எட்ஜ்லயே ஜிஎஸ்டி சைட்டு வெச்சிருந்தாங்க, கடைப் பையன் நல்லது பண்றதா நினைச்சு க்ரோமை போட்டு டீஃபால்ட்டையும் மாத்தி, ஸ்க்ரீனுக்கு கீழ ஐகான் வரிசையா இருக்குமே, அந்த டாஸ்க்பார்ல இருந்து எட்ஜையும் எடுத்து வெச்சிட்டான். அடுத்த நாள் 20ஆம் தேதி, மாசாமாசம் ஃபைல் பண்றவங்க 3பிங்கிற ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டிய கடைசி நாள். "இன்னா தம்பி, நேத்து வரைக்கும் யூசர்நேம் தானா வந்து உக்காந்துச்சு, இன்னிக்கு காலியா நிக்குது, பாஸ்வேர்டு யாருக்கு ஞாபகம் இருக்கு?"ன்னு அக்கா பதறிப்போய் கேட்டாங்க. பாஸ்வேர்டு எங்கயும் போகல, எட்ஜ்க்குள்ள பத்திரமாதான் இருந்துச்சு, ஸ்டார்ட் பட்டனை அமுக்கி எட்ஜ்னு தேடி திறந்ததும் எல்லாம் இருந்துச்சு. ஆனா அந்த பத்து நிமிஷம் அவங்க பட்ட பாட்டை பக்கத்துல இருந்து பாத்ததால சொல்றேன், கடை சிஸ்டம், ஆபீஸ் சிஸ்டம்னா 11ஆம் தேதி, 20ஆம் தேதி மாதிரி ரிட்டர்ன் நாள்ல இந்த வேலையை தொடாதீங்க. வேலை கம்மியா இருக்கிற ஒரு மத்தியானமா பாத்து, அந்த சிஸ்டத்தை யூஸ் பண்றவங்களையும் பக்கத்துல உக்கார வெச்சு பண்ணுங்க.

க்ரோமுக்கு கொண்டு வரணும்னா, எட்ஜை முழுசா மூடிட்டு க்ரோமை திறந்து வலது மேல மூலைல இருக்கிற மூணு புள்ளியை தொடுங்க, புக்மார்க்ஸ் அண்ட் லிஸ்ட்ஸ்க்குள்ள "இம்போர்ட் புக்மார்க்ஸ் அண்ட் செட்டிங்ஸ்"னு இருக்கும், அதுல மைக்ரோசாஃப்ட் எட்ஜை செலக்ட் பண்ணி எது எது வேணுமோ டிக் பண்ணி இம்போர்ட் குடுத்தா வந்திடும். ஃபயர்ஃபாக்ஸ்லயும் செட்டிங்ஸ், ஜெனரல் பக்கத்துல "இம்போர்ட் பிரௌசர் டேட்டா"ன்னு இருக்கு. சில நேரம் புக்மார்க் வந்து பாஸ்வேர்டு மட்டும் வராது, அப்போ எட்ஜோட பாஸ்வேர்டு செட்டிங்ஸ்ல எக்ஸ்போர்ட் பண்ணினா சிஎஸ்வின்னு ஒரு ஃபைல் கிடைக்கும், அதை புது பிரௌசர்ல இம்போர்ட் பண்ணிக்கலாம். அந்த ஃபைல்ல உங்க பாஸ்வேர்டு எல்லாம் எந்த பூட்டும் இல்லாம வெறும் எழுத்தா இருக்கும், யாரு எக்செல்ல திறந்தாலும் வரிசையா படிக்கலாம், வீட்டு சாவிக்கொத்தை வாசப்படில வெச்சிட்டு போற மாதிரி. அதனால இம்போர்ட் ஆனது உறுதியானதும் அந்த ஃபைல் மேல கிளிக் பண்ணி ஷிஃப்ட்டை அமுக்கிக்கிட்டே டிலீட் குடுத்து அழிச்சிடுங்க, வெறும் டிலீட் குடுத்தா ரீசைக்கிள் பின்ல கிடக்கும். அதை வாட்ஸ்அப்லயோ மெயில்லயோ உங்களுக்கே அனுப்பி வெச்சுக்கிறதும் வேண்டாம்.

இப்போ டீஃபால்ட் மாத்தலாம். விண்டோஸ் 11னா விண்டோஸ் பட்டனோட ஐ பட்டனை சேர்த்து அமுக்குங்க, செட்டிங்ஸ் திறக்கும். இடது பக்கம் ஆப்ஸ், அதுக்குள்ள டீஃபால்ட் ஆப்ஸ். உள்ள போனா ரெண்டு தேடுற பெட்டி தெரியும், மேல இருக்கிறது .பிடிஎஃப் மாதிரி ஃபைல் வகையை தேடுறதுக்கு, கீழ இருக்கிறது ஆப் பேரை தேடுறதுக்கு. கீழ இருக்கிறதுல க்ரோம்னு டைப் பண்ணி அதை தொடுங்க, இல்லன்னா கீழ லிஸ்ட்ல நேராவே தேடி தொடலாம். இப்போ வர பக்கத்துல உச்சியிலேயே "மேக் கூகுள் க்ரோம் யுவர் டீஃபால்ட் பிரௌசர்"னு ஒரு வரி, அதுக்கு வலது பக்கம் "செட் டீஃபால்ட்"னு பட்டன். அதை ஒரே ஒரு தடவை அமுக்குங்க. பெருசா எந்த மெசேஜும் வராது, சின்னதா ஒரு டிக் மார்க் மட்டும் வரும், அவ்வளவுதான், அமுந்துச்சா இல்லையான்னு சந்தேகப்பட்டு திரும்பத் திரும்ப அமுக்க வேண்டியதில்ல. அப்படியே கீழ பாருங்க, .ஹெச்டிஎம், .ஹெச்டிஎம்எல், ஹெச்டிடிபி, ஹெச்டிடிபிஎஸ்னு வரிசையா இருக்கும், இந்த நாலுக்கும் பக்கத்துல க்ரோம்னு பேரு வந்திருந்தா வேலை முடிஞ்சுது.

விண்டோஸ் 11 வந்தது 2021 அக்டோபர்ல. அப்போ இந்த பட்டனே கெடையாது, ஒவ்வொரு வகையையும் தனித்தனியா தொட்டு மாத்தணும், ஜனங்க ரொம்ப குறை சொன்னதுக்கு அப்புறம் 2022ல வந்த அப்டேட்லதான் இந்த பட்டன் வந்துச்சு. உங்க சிஸ்டத்துல பட்டன் காணலன்னா பல மாசமா அப்டேட்டே போடலன்னு அர்த்தம், முதல்ல அப்டேட் போடுங்க. அதுக்கு இப்போ நேரம் இல்லன்னா நான் சொன்ன அந்த நாலையும் ஒவ்வொண்ணா தொட்டு மாத்துங்க. தொட்டதும் "மாத்துறதுக்கு முன்னாடி எட்ஜை ட்ரை பண்ணு"ன்னு ஒரு பெட்டி வரலாம், அதுல "ஸ்விட்ச் எனிவே"ங்கிறதை தொட்டாதான் மாறும்.

விண்டோஸ் 10ல இன்னும் சுலபம். அதே மாதிரி விண்டோஸ் பட்டனும் ஐ-யும், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ். இமெயில், மேப்ஸ், மியூசிக்னு வரிசையா வந்து "வெப் பிரௌசர்"னு ஒண்ணு வரும். அதுக்கு கீழ இப்போ எந்த பிரௌசர் இருக்கோ அந்த ஐகானை தொட்டா லிஸ்ட் விரியும், வேணுங்கிறதை தொடுங்க. இங்கயும் அந்த ஸ்விட்ச் எனிவே பெட்டி வரலாம். அந்த பக்கத்துலயே கீழ "ரீசெட்"னு ஒரு பட்டன் இருக்கும், அதை தெரியாம அமுக்கிடாதீங்க, ஃபோட்டோ, பாட்டு, பிரௌசர்னு எல்லா டீஃபால்ட்டும் மைக்ரோசாஃப்ட் குடுத்த பழைய நிலைமைக்கே போயிடும். இன்னொண்ணு, விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட்டோட வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுபோச்சு. கம்ப்யூட்டர் ஓடும், பிரௌசரும் ஓடும், ஆனா பேங்க் வேலை பாக்குற சிஸ்டம்னா 11க்கு போக முடியுமான்னு பாத்துக்கோங்க, முடியலன்னா செட்டிங்ஸ்ல அப்டேட் பக்கத்துல கூடுதல் செக்யூரிட்டி அப்டேட்டுக்கு பதிவு பண்ற வழி காட்டுதான்னு பாருங்க.

க்ரோமுக்குள்ளயே "மேக் டீஃபால்ட்"னு ஒரு பட்டன் இருக்கே, அதை அமுக்கினா போதாதான்னு கேப்பீங்க. அமுக்கலாம், ஆனா நிறைய சிஸ்டத்துல அது உங்களை இதே விண்டோஸ் செட்டிங்ஸ் பக்கத்துக்குத்தான் கொண்டுபோய் விடும், அங்க நீங்கதான் மறுபடி தொடணும். பட்டனை அமுக்கிட்டு, திறந்த செட்டிங்ஸை "இது எதுக்கு வந்துச்சு"ன்னு மூடிடுறவங்கதான் அதிகம், அதனாலதான் மாறாம நிக்குது. கடைசி வார்த்தை விண்டோஸோடது, பிரௌசர் கேக்க மட்டும்தான் முடியும்.

மாறுச்சான்னு டெஸ்ட் பண்றதுக்கு அந்த ரன் பெட்டியை திறங்க, ஹெச்டிடிபிஎஸ், ஒரு முக்காப்புள்ளி, ரெண்டு சாய்வு கோடு, அப்புறம் ஏதாவது ஒரு சைட்டு அட்ரஸ் முழுசா டைப் பண்ணி என்டர் குடுங்க. எந்த பிரௌசர் திறக்குதோ அதுதான் இப்போ டீஃபால்ட். எந்த ஆப்போட தனி செட்டிங்கும் குறுக்க வராததால இதுல வர பதில் சுத்தமான பதில். இதுல க்ரோம் திறந்து, அவுட்லுக் மெயில்ல மட்டும் எட்ஜ் திறந்தா பிரச்சனை அவுட்லுக்கோடது. ஆபீஸ் 365ல வர கிளாசிக் அவுட்லுக்ல ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போனா "லிங்க் ஹேண்ட்லிங்"னு ஒரு பகுதி இருக்கும், அதுல டீஃபால்ட் பிரௌசர்னு மாத்தி விடுங்க.

டாஸ்க்பார்ல இருக்கிற தேடுற பெட்டில ஏதாவது டைப் பண்ணி வெப் ரிசல்ட்டை தொட்டா அது எட்ஜ்லதான் திறக்கும், விட்ஜெட்டுன்னு நியூஸ் காட்டுமே அதுவும் அப்படித்தான். நம்ம ஊர்ல விண்டோஸ் அப்படித்தான் அமைச்சிருக்காங்க, உங்க செட்டிங்ஸ்ல தப்பு எதுவும் இல்ல. ஐரோப்பிய யூனியன் நாடுகள்ல டிஜிட்டல் மார்க்கெட்ஸ் ஆக்ட்னு ஒரு சட்டத்தை 2024 மார்ச்ல இருந்து மைக்ரோசாஃப்ட் மாதிரி பெரிய கம்பெனிங்க கடைப்பிடிச்சே ஆகணும்னு வந்ததால அங்க இருக்கிறவங்களுக்கு இதுவும் டீஃபால்ட் பிரௌசர்லயே திறக்கிற மாதிரி மாத்திக் குடுத்திருக்காங்க. நம்ம கம்ப்யூட்டர், நம்ம காசு போட்டு வாங்குனது, அங்க குடுக்க முடிஞ்சதை இங்கயும் குடுத்திருக்கலாம்ங்கிறது என் கருத்து. இப்போதைக்கு அந்த பெட்டில ஆப் பேரு, ஃபைல் பேரு மட்டும் தேடுங்க, நெட்ல தேட வேண்டியதை பிரௌசரை திறந்து தேடுங்க. புது பிரௌசர் திறந்திருக்கும்போது டாஸ்க்பார்ல அதோட ஐகான் மேல ரைட் கிளிக் பண்ணி "பின் டு டாஸ்க்பார்" குடுத்துட்டா ஒரே கிளிக்ல வந்திடும்.

பிடிஎஃப் தனிக்கதை, இதை மட்டும் நிதானமா படிங்க. செட் டீஃபால்ட் பட்டனை அமுக்கினாலும் நம்ம ஊர்ல பிடிஎஃப் அதோட சேர்ந்து மாறாது, எட்ஜ்லயே நிக்கும். "க்ரோமுக்கு மாத்திட்டேன், கரண்ட் பில் பிடிஎஃப் மட்டும் இன்னும் எட்ஜ்ல திறக்குது"ன்னு கேக்குறவங்களுக்கு காரணம் இதுதான். மாத்துறது சுலபம்: ஏதாவது ஒரு பிடிஎஃப் ஃபைல் மேல ரைட் கிளிக், "ஓபன் வித்", "சூஸ் அனதர் ஆப்", வேணுங்கிற ஆப்பை தொட்டு 11ல "ஆல்வேஸ்" பட்டனை அமுக்குங்க, 10ல கீழ இருக்கிற "ஆல்வேஸ் யூஸ் திஸ் ஆப்" டிக்கை போட்டு ஓகே குடுங்க. ஆனா எதுக்கு மாத்துறதுங்கிறதுல நான் சொல்றதை கேளுங்க, பிடிஎஃப்பை எந்த பிரௌசருக்கும் குடுக்காம அடோபி ரீடரை போட்டு அதுக்கு குடுங்க.

ஏன்னா நம்ம ஜனங்க அதிகமா திறக்கிற பிடிஎஃப் இ-சேவைல வாங்குன சாதி சான்றிதழ், வருமானச் சான்றிதழ், அப்புறம் இ-ஆதார். இதுல எல்லாம் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். க்ரோம்ல திறந்தா அந்த கையெழுத்து உண்மையானதான்னு சரிபார்க்கவே சரிபார்க்காது, மஞ்ச கலர் கேள்விக்குறியோட அப்படியே நிக்கும், அதை அப்படியே பிரிண்ட் எடுத்துக்கிட்டு போனா காலேஜ் அட்மிஷன்ல "இது வெரிஃபை ஆகல"ன்னு திருப்பி அனுப்புறதுக்கும் வாய்ப்பிருக்கு. அடோபி ரீடர்ல திறந்து அந்த கேள்விக்குறி மேல ரைட் கிளிக் பண்ணி, "வேலிடேட் சிக்னேச்சர்" குடுத்து, சிக்னேச்சர் ப்ராப்பர்ட்டீஸ்ல போய் அந்த சர்ட்டிஃபிகேட்டை நம்பலாம்னு ஒருவாட்டி சேர்த்துவிட்டு, மறுபடி வேலிடேட் குடுத்தா பச்சை டிக் வரும், அதுக்கப்புறம் பிரிண்ட் எடுங்க. அந்த சர்ட்டிஃபிகேட்டை சேர்க்கிறதுக்கு முன்னாடி ஃபைலை அரசு சைட்டுல இருந்து நீங்களே டவுன்லோட் பண்ணதுதானான்னு பாத்துக்கோங்க, யாரோ வாட்ஸ்அப்ல அனுப்புனதுக்கு அப்படி பண்ணாதீங்க. இ-ஆதார் பிடிஎஃப் பாஸ்வேர்டு கேட்டா பேரோட முதல் 4 இங்கிலீஷ் எழுத்து கேப்பிட்டல்ல, அதோட பிறந்த வருஷம் 4 நம்பர்.

க்ரோம் வந்துடுச்சுன்னு எட்ஜை தூக்கி எறியப் பாக்காதீங்க. அது விண்டோஸோடயே வர்றது, எடுக்கிறேன்னு நெட்ல யாரோ போட்ட கமாண்டை எல்லாம் ஓட்டி விண்டோஸையே கெடுத்துக்க வேண்டாம். அதோட எட்ஜ் தேவைப்படுற இடம் இன்னும் இருக்கு. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை 2022 ஜூன் 15ஓட மைக்ரோசாஃப்ட் நிறுத்திட்டாங்க, ஆனா அதை நம்பி கட்டின பழைய சைட்டு சிலது இன்னும் ஆபீஸ்ல ஓடிக்கிட்டிருக்கு, அதுக்கு எட்ஜ்க்குள்ளதான் ஐஇ மோடுன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. எட்ஜ் செட்டிங்ஸ்ல "டீஃபால்ட் பிரௌசர்"ங்கிற பகுதில ஐஇ மோடுல ரீலோட் பண்றதுக்கு அலோ குடுத்து எட்ஜை ரீஸ்டார்ட் பண்ணினா வரும், லிஸ்ட்ல சேர்த்த பக்கம் 30 நாள்தான் இருக்கும், அப்புறம் மறுபடி சேர்க்கணும். கிளியரிங் ஆபீஸ், டெண்டர் போடுற கான்ட்ராக்டர் ஆபீஸ் மாதிரி டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை யூஎஸ்பில சொருகி வேலை பாக்குற இடத்துல, புது பிரௌசர்ல ஒருவாட்டி டோக்கன் எடுக்குதான்னு முழுசா பாத்துட்டு அப்புறம் டீஃபால்ட்டை மாத்துங்க.

பெரிய அப்டேட் முடிஞ்சு கம்ப்யூட்டர் திறக்கும்போது ஸ்க்ரீன் முழுக்க நீலமா ஒரு பக்கம் வந்து, "ரெக்கமண்டட் பிரௌசர் செட்டிங்ஸ் யூஸ் பண்ணலாமா"ன்னு கேக்கும். அவசரத்துல எல்லாத்துக்கும் ஓகே குடுத்தா பழையபடி எட்ஜ் டீஃபால்ட்டா வந்திடும். அந்த பக்கத்துல "டோன்ட் அப்டேட் யுவர் பிரௌசர் செட்டிங்ஸ்"னு இன்னொரு ஆப்ஷன் இருக்கும், அதை தொடுங்க. ஏற்கனவே ஓகே குடுத்துட்டீங்கன்னா ஒண்ணும் மோசம் இல்ல, மேல சொன்ன மாதிரி மறுபடி செட் டீஃபால்ட் அமுக்கிக்கலாம்.

டீஃபால்ட் சரியா இருந்தும், க்ரோமை திறந்தாலே கேள்விப்படாத ஒரு சர்ச் பக்கம் வந்து நிக்குதுன்னா அது வேற வியாதி. இலவசமா ஏதோ சாஃப்ட்வேர் போட்டப்போ கூடவே ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். எக்ஸ்டென்ஷன் பக்கத்துல போய் நீங்க போடாததை எல்லாம் ரிமூவ் பண்ணுங்க. அப்புறம் டெஸ்க்டாப்ல இருக்கிற க்ரோம் ஐகான் மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போங்க, டார்கெட்டுன்னு ஒரு நீள வரி இருக்கும், அது க்ரோம் டாட் இஎக்ஸ்இ, அதுக்கப்புறம் மேற்கோள் குறியோட முடியணும். அதைத் தாண்டி வால் மாதிரி ஏதாவது சைட்டு அட்ரஸ் இருந்தா அதுதான் திருட்டு, அந்த அட்ரஸை மட்டும் அழிச்சு அப்ளை குடுங்க. டீஃபால்ட் செட்டிங்ஸ்ல மணிக்கணக்கா தேடினாலும் இது அகப்படாது.

பர்மா பஜார்ல, தெரிஞ்சவங்ககிட்டன்னு செகண்ட் ஹேண்ட்ல வாங்குன பழைய சிஸ்டத்துல விண்டோஸ் 7 இருந்தா, கண்ட்ரோல் பேனல்ல டீஃபால்ட் ப்ரோக்ராம்ஸ்க்குள்ள போய் மாத்தலாம். ஆனா அதுல க்ரோம் 109தான் கடைசி வெர்ஷன், ஃபயர்ஃபாக்ஸ்னா 115 ஈஎஸ்ஆர்ங்கிற நீண்ட நாள் சப்போர்ட் வெர்ஷன். பேங்க் வேலையை அதுல வெச்சுக்காதீங்க. லினக்ஸ் உபுன்டுல செட்டிங்ஸ்க்குள்ள டீஃபால்ட் அப்ளிகேஷன்ஸ்ல (24.04ல இருந்து ஆப்ஸ், அதுக்குள்ள டீஃபால்ட் ஆப்ஸ்ல) வெப்னு இருக்கிற இடத்துல மாத்தணும், லினக்ஸ் மின்ட்ல பிரிஃபர்டு அப்ளிகேஷன்ஸ்னு இருக்கும். மேக்னா வென்ச்சுராங்கிற வெர்ஷன்லயும் அதுக்கு அப்புறம் வந்த வெர்ஷன்லயும் சிஸ்டம் செட்டிங்ஸ், டெஸ்க்டாப் அண்ட் டாக், அதுல டீஃபால்ட் வெப் பிரௌசர். அதுக்கு முந்தினதுல ஜெனரல் பக்கத்துல இருக்கும்.

வீட்லயும் கடைலயும் ஒரே சிஸ்டத்தை பல பேரு யூஸ் பண்ணா, டீஃபால்ட் பிரௌசர் ஒவ்வொரு விண்டோஸ் அக்கவுண்டுக்கும் தனித்தனி. நீங்க உங்க அக்கவுண்டுல மாத்தினா தங்கச்சி அக்கவுண்டுல மாறாது, அங்கயும் போய் மாத்தணும். எல்லாரும் ஒரே அக்கவுண்டுல உக்கார்றீங்கன்னா க்ரோம்ல மேல இருக்கிற வட்டப் படத்தை தொட்டு ஆளுக்கு ஒரு ப்ரொஃபைல் போட்டுக்கோங்க, ஒருத்தர் பாஸ்வேர்டு இன்னொருத்தர் பக்கத்துல வந்து நிக்காது. ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, வெளிய இருந்து லிங்க்கை தொட்டா பொதுவா கடைசியா யாரோட ப்ரொஃபைல் யூஸ்ல இருந்துச்சோ அதுலதான் திறக்கும், அதனால பேங்க் சைட்டோ ஜிஎஸ்டி சைட்டோ திறந்ததும் டைப் பண்றதுக்கு முன்னாடி அந்த வட்டப் படம் உங்களோடதுதானான்னு ஒரு பார்வை பாருங்க. ப்ரொஃபைலுக்கு பூட்டு கெடையாது, யாரு வேணா தொட்டு உள்ள போகலாம், ரகசியமா இருக்கணும்னா விண்டோஸ்லயே தனி அக்கவுண்டு போட்டு பாஸ்வேர்டு வெச்சுக்கோங்க. வெளிய பிரௌசிங் சென்டர் போனா டீஃபால்ட்டை எல்லாம் தொடாம, மூடினதும் எதையும் சேமிச்சு வெக்காத கெஸ்ட் மோடுல திறந்து வேலையை முடிச்சு எல்லா விண்டோவையும் மூடிட்டு, டவுன்லோட் ஃபோல்டர்ல உங்க சர்ட்டிஃபிகேட் ஏதாவது கிடந்தா அதையும் ஷிஃப்ட்டோட டிலீட் பண்ணிட்டு எழுந்திருங்க.